மூலை இல்லாத வேலி

நல்லூற்றுப்பேட்டை,
12-6-1978

அன்புள்ள தாவீது அண்ணனுக்கும் கிரேஸ் அண்ணிக்கும் முத்தம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஈரத் தரையில் உட்கார வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு நல்ல சேதி. எங்கள் மிருகக்காட்சி சாலையில் வெளிமான்களுக்குப் புதிதாக ஒரு திடல் கட்டப்போகிறார்கள். கம்பி வேலிக்கான ஆர்டர் காகிதத்தை ஆபீசில் பார்த்தேன். கும்மிடிப்பூண்டி என்று இருந்தது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தால், நீங்கள் மேஸ்திரியாக இருக்கும் பட்டறையின் பெயரேதான்! எங்கள் அண்ணன் பட்டறை என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இறந்து, அவருக்குப் பதிலாக எனக்குப் புல் அறுக்கும் வேலை கிடைத்து நான்கு வருஷம் ஆகிறது. அந்த நான்கு வருஷமும் இந்த ஒன்பது மான்களும் சிமெண்டுத் தரையில்தான் நிற்கின்றன. ஓடினால்தானே குளம்பு தேயும்? ஓட இடமில்லாமல் குளம்பு நீண்டு, செருப்பு நுனி மாதிரி மேலே வளைந்துவிட்டது. இரண்டு பெட்டைகள் முழங்காலில் நின்றுதான் புல் தின்கின்றன. பார்க்க வருகிறவர்கள் "மான் கும்பிடுது பாரு" என்று சிரிக்கிறார்கள்.

அண்ணா, இதைக் கவனமாகப் படியுங்கள். வெளிமானுக்குக் கம்பி வலை கண்ணில் படாது. மிரண்டால் நேராகப் பாயும். திடலுக்குச் சதுர மூலை இருந்தால் அதில் போய் அடைபடும், பின்னால் வருவது அதன் மேல் விழும். வேலி வளைவாக இருந்தால் ஓடிய வேகத்திலேயே திரும்பிவிடும். வலையின் கண் என் கை நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். முள்கம்பி கூடவே கூடாது. இதெல்லாம் என் வீட்டுக்காரர் வடக்கே வேலை பார்த்தபோது கண்ணால் கண்டு வந்து சொன்னது.

வேலி உங்கள் கையால் வரப்போகிறது என்பதால் இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

உங்கள் தங்கை
முத்தம்மா


கும்மிடிப்பூண்டி,
30-6-1978

அன்புத் தங்கை முத்தம்மாவுக்கு அண்ணன் தாவீதின் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். அண்ணி முழங்காலுக்கு நொச்சி ஒத்தடம் போடுகிறாள், குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தைப் பட்டறைக்கே எடுத்துப்போய் முதலாளியிடம் பேசினேன். பிளானை விரித்துக் காட்டினார். அதில் நான்கு மூலையும் சதுரம்தான்.

"இன்னா தாவீது, மானுக்கு ரவுண்டு கட்டணுமா? மாடு கட்றதுக்கு யாராவது ரவுண்டு கேக்கறானா?" என்றார்.

"மாடு ஓடாது முதலாளி. இது ஓடற ஜாதி. மூலைக்கு ஆறு பைப்பு வளைச்சா போதும். மெஷினு சும்மாத்தான கெடக்குது" என்றேன்.

சிரித்துக்கொண்டே, "சரி, நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே நீ கவலையை விடு. மூலை வளைவாக வரும். வலையின் கண்ணை அண்ணியின் கையை வைத்துப் பார்த்துத்தான் பின்னச் சொல்வேன், உங்கள் இருவர் கையும் ஒரே அளவுதான். முள்கம்பி கிடையாது. ஆகஸ்டில் வேலி நட நானே ஆட்களோடு வருகிறேன். உனக்குப் பழவேற்காட்டுக் கருவாடு கொண்டு வருவேன்.

அன்புடன்
தாவீது


நல்லூற்றுப்பேட்டை,
4-8-1978

அன்புள்ள அண்ணனுக்கு முத்தம்மா எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா? உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று பயந்துதான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. நீங்கள் வந்திருப்பீர்கள் என்று சோறு கூடுதலாகப் பொங்கிவிட்டு வாசலுக்கு ஓடினேன். உங்கள் பட்டறைக் கலியனும் இன்னும் நான்கு ஆட்களும்தான் இறங்கினார்கள்.

"அண்ணன் வரலியா?" என்று கேட்டேன்.

"மேஸ்திரிக்கு அங்க வேலை கீதும்மா" என்று கலியன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"வளைச்ச பைப்பு எங்க?"

"வளைச்சது ஒண்ணுகூட லாரில ஏத்தலம்மா. எங்களுக்குக் குடுத்தது இதான்."

நான்கு மூலையும் சதுரமாக நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வலையின் கண்ணில் என் கை முழங்கை வரைக்கும் தாராளமாகப் போகிறது. உள்பக்கம் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி முள்கம்பி.

ஓவர்சியரிடம் போய்ச் சொன்னேன். "புல்லு அறுக்கறவளுக்குப் பிளான் எதுக்கு?" என்று கேட்டார்.

ஏதோ தவறிப்போய் வேறு சரக்கை ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் பட்டறை பெயரில் ஒரு கடிதம் எழுதினால் போதும், இங்கே நிறுத்தி வைப்பார்கள். மான்களை விட இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தாமதிக்க வேண்டாம்.

முத்தம்மா


கும்மிடிப்பூண்டி,
10-9-1978

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. சூலூர்ப்பேட்டை ரயில் தினமும் தாமதம். பட்டறையில் வேலை குறைவு. பக்கத்து இரும்பு ஆலையில் இரண்டு ஷிப்டை ஒன்றாக்கிவிட்டார்கள்.

வேலி விஷயமாக நீ ரொம்ப மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. பெரிய இடத்துப் பிளான், யோசிக்காமல் போட மாட்டார்கள். அளவெல்லாம் பார்த்துத்தான் அனுப்பினோம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். காய்ச்சல் திரும்ப வரவில்லையே? வேளைக்குச் சாப்பிடு. உடம்புதான் முக்கியம்.

தாவீது


நல்லூற்றுப்பேட்டை,
22-9-1978

அன்புள்ள அண்ணனுக்கு. நான் நலம். காய்ச்சல் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி திறப்பு விழா. பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டுவார். பேண்டு வாத்தியம் வைக்கிறார்கள். வாத்தியம் வேண்டாம், முதல் நாள் ஆளே இல்லாமல் விடுங்கள் என்று சூப்பிரண்டு ஐயாவிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

போன வாரம் மாட்டுத் தீவனக் கடையில் கேட்டு வாங்கிய கோணிச் சாக்குகளைப் பிரித்து வேலி முழுக்கக் கட்டினேன். சாக்கைக் கண்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று மான் ஒதுங்கும். ஒரு மாதம் பழகிய பிறகு அவிழ்த்துவிடலாம். சூப்பிரண்டு வந்து பார்த்துவிட்டு, "ஜனங்க மானைப் பாக்க வர்றாங்களா, கோணியைப் பாக்க வர்றாங்களா?" என்று எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னார். அவர் எதிரிலேயே அவிழ்த்தேன்.

"ஐயா, இந்த வேலி சரியில்லை, எங்க அண்ணனே வேற மாதிரி செய்யறேன்னு எழுதியிருக்காரு" என்றேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். "ஆகஸ்டு 20ஆம் தேதி நேரில் வந்து சோதித்தேன். வேலி மான்களுக்கு ஏற்றதாக உள்ளது" என்று இருந்தது. கீழே, கா. தாவீது, மேஸ்திரி.

அண்ணா, ஆகஸ்டு இருபதாம் தேதி நீங்கள் இந்த ஊருக்கு வரவில்லை. வந்திருந்தால் என் வீட்டுக்கு வராமல் போயிருக்க மாட்டீர்கள்.

அந்தக் கையெழுத்து உங்களுடையதுதானா? இல்லை என்று ஒரு கார்டு எழுதுங்கள். ஆமாம் என்றாலும் எழுதுங்கள். பத்து நாள் இருக்கிறது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

முத்தம்மா


நல்லூற்றுப்பேட்டை,
4-10-1978

தாவீது அண்ணனுக்கு.

கார்டு வரவில்லை. தினமும் தபால்காரரைக் கேட்டேன்.

காலை பத்தரைக்குக் கூண்டைத் திறந்தார்கள். முதலில் ஒன்பதும் வாசலிலேயே நின்றன. மண்ணை மோந்து பார்த்தன. பெரிய கடா ஒரு கால் எடுத்து வைத்தது. அந்தக் குளம்போடு மண்ணில் நிற்க அதற்குத் தெரியவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அப்போது பேண்டு அடித்தார்கள்.

நான்கு வருஷமாக நடக்கவே தடுமாறியவை அப்படி ஓடும் என்று நான் நினைக்கவில்லை. வடகிழக்கு மூலைக்குப் போயின. முதலில் போன இரண்டு பெட்டைகளுக்குக் கழுத்து முறிந்தது. ஒரு இளம் கடா வலையில் தலையை விட்டுக்கொண்டு, கொம்பு மாட்டி, இழுத்து இழுத்தே செத்தது. இன்னொன்றை முள்கம்பியிலிருந்து நான் எடுத்தேன். என் மடியில் கொஞ்ச நேரம் இருந்தது. மொத்தம் நான்கு.

என்னை சஸ்பெண்டு செய்திருக்கிறார்கள். விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் நான்கு சாக்கைத் தென்மேற்கு மூலையில் கட்டியிருந்தேன். கையில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அந்தச் சாக்கு ஆடியதால்தான் மான்கள் மிரண்டு எதிர்ப்பக்கம் ஓடின என்று சூப்பிரண்டு எழுதிவிட்டார். இருக்குமோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இரண்டு நாளாக அதையேதான் யோசிக்கிறேன்.

நவம்பர் 14 விசாரணை. குடியிருப்பையும் காலி செய்யச் சொல்வார்கள்.

நீ ஜூன் மாதம் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. மூலை வளைவாக வரும் என்று உன் கையால் எழுதியிருக்கிறாய்.

முத்தம்மா


கும்மிடிப்பூண்டி,
19-10-1978

அன்புள்ள முத்தம்மாவுக்கு அண்ணி கிரேஸ் எழுதுவது. உன் கண்ணீரை ஆண்டவர் துடைப்பாராக. உன் உடம்பை விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

இது அவருக்குத் தெரியாமல் எழுதும் கடிதம். உன் கடிதம் வந்த அன்று அவர் அதைப் படித்துவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்தார். பட்டறைக்குப் போகிறார், வருகிறார். தட்டில் போட்டது அப்படியே இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை கடைசியில் பட்டறையில் பதினோரு பேரை நிறுத்தப் பட்டியல் போட்டார்கள். வளைத்த பைப்புகளை ஏற்றப் போனபோது முதலாளி தடுத்திருக்கிறார். பிளானில் இல்லாததை அனுப்பினால் சரக்கைத் திருப்பிவிடுவார்கள் என்றாராம். கம்பிச் செலவில் மிச்சம் பிடிக்க வலையின் கண்ணையும் பெரிதாக்கச் சொன்னார். இவர் சண்டை போட்டார். அப்புறம் ஆகஸ்டில் அந்தச் சோதனைக் காகிதத்தை முன்னால் வைத்து, "கையெழுத்துப் போடு, இல்லாட்டி பட்டியல்ல பன்னெண்டாவது பேரு உன்னுது" என்றிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து, "கிரேஸு, மானுங்களுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ஆகாது என்று சொன்னேன். அதற்கு நானும் பதில் சொல்ல வேண்டியவள்.

முத்தம்மா, உன்னிடம் மன்றாடிக் கேட்கிறேன். அந்த ஜூன் மாதக் கடிதத்தை விசாரணையில் காட்டாதே. காட்டினால் பொய்க் கையெழுத்து என்று போலீசு வரைக்கும் போகும். அடுப்பில் போட்டுவிடு. நீ இங்கே வந்து எங்களோடு இரு. இருக்கிறதைப் பகிர்ந்து சாப்பிடுவோம்.

கிரேஸ்


நல்லூற்றுப்பேட்டை,
28-10-1978

அன்புள்ள அண்ணிக்கு முத்தம்மா எழுதுவது. உங்கள் முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நொச்சி மட்டும் போதாது.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அங்கே வந்து இருக்க மாட்டேன். நான் போய்விட்டால் இங்கே மிச்சம் இருக்கும் ஐந்தைப் பற்றிப் பேச ஆள் கிடையாது.

அந்த ஐந்தும் இன்னும் அதே திடலில்தான் இருக்கின்றன. என்னை உள்ளே விடுவதில்லை. வெளியே ரோட்டில் நின்று பார்க்கிறேன். புது ஆள் புல்லை ஒரே இடத்தில் கொட்டுகிறான். பெரிய கடா மற்றவற்றை நெருங்க விடாமல் கொம்பால் குத்துகிறது. அதைத் தனியே பிரித்து வைக்கப் பக்கத்தில் ஒரு பட்டி இல்லை. ஒதுங்க ஒரு மறைவு இல்லை. ஜனங்கள் வேலியைத் தட்டும்போதெல்லாம் ஐந்தும் ஒரு மூலைக்கு ஓடுகின்றன. நேற்று ஒரு பெட்டை நொண்டியது.

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. காட்டுவேன் என்றும் சொல்லவில்லை. அண்ணனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். வந்து அந்த மூலைகளை வெட்டி எடுக்கட்டும்.

முத்தம்மா


நல்லூற்றுப்பேட்டை,
18-11-1978

அன்புள்ள அண்ணிக்கு. அண்ணன் இங்கே பத்திரமாக இருக்கிறார். அவர் எழுத மாட்டார் என்று தெரியும், அதனால் நான் எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி காலை நகரசபை ஆபீஸ் நடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார். கூடக் கலியன், ஒரு சாக்கு மூட்டையில் இரும்பு அறுக்கும் சாமான்கள். பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். "சாப்டியா?" என்றார். "ம்" என்றேன். இரண்டு மணி நேரம் அவ்வளவுதான் பேச்சு. என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. என் பையில் அந்தக் கடிதம் இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். கமிஷனர் அந்தக் காகிதத்தை நீட்டி, "இது யாருடைய கையெழுத்து?" என்று கேட்டார்.

"என்னுதுதான் சார்."

"நேரில் வந்து சோதித்தீரா?"

"இல்ல சார். வேலி நட்டப்புறம் இந்த ஊருக்கு நான் வர்றதே இன்னிக்குத்தான்."

"பிறகு எப்படிப் போட்டீர்?"

"வேலைய வுட்டு நிறுத்திடுவேன்னாரு முதலாளி. பயந்துக்கினு போட்டேன்." காகிதத்தை மேசை மேல் வைத்தார். "எனுக்குத் தெரியாம போடல சார். மூலைல மானு அடிபட்டு சாவும்னு என் தங்கச்சி ஜூன் மாசமே எழுதிட்டா. அதப் படிச்சிட்டுத்தான் போட்டேன்."

சூப்பிரண்டு எழுந்து, "ஆனாலும் சாக்கு கட்டி மிரட்டினது இந்தப் பொம்பளைதானே?" என்றார்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். "சாக்கு கட்டின மூலைல ஒண்ணுகூட சாவலியே சார். மீதி மூணு மூலைலயும் நீங்க அவுக்கச் சொல்லாம இருந்தா?" என்றார்.

ஒரு மாதமாக என்னை அரித்த சந்தேகம் அந்த இடத்தில் நின்றது. நான் அழவில்லை. அண்ணன்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

என்னைத் திரும்பவும் வேலைக்கு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அண்ணனைப் பற்றியும் பட்டறையைப் பற்றியும் மேலே எழுதப்போகிறார்களாம். போலீசு பற்றிப் பேச்சு வரவில்லை. அன்று மத்தியானமே அனுமதி வாங்கி முள்கம்பியை அறுக்க ஆரம்பித்துவிட்டார். ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு பட்டறையில் பைப்பை வளைக்கிறார்கள், வலையையும் சின்னக் கண்ணாகப் பின்னுகிறார்கள். வலைக்குச் சுற்றிலும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுகிறோம். கடாவுக்கு ஒரு தனிப் பட்டி. நான் அவருக்குச் சோறு கொண்டுபோய் வைக்கிறேன். சாப்பிடுகிறார். பேச இன்னும் எங்கள் இருவருக்கும் வரவில்லை.

அந்த ஜூன் கடிதத்தைப் பையிலிருந்து எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. வந்திருந்தால் எடுத்திருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

முத்தம்மா


திருநின்றவூர்,
6-1-1979

அன்புத் தங்கைக்கு அண்ணன் தாவீது எழுதுவது. கிறிஸ்துமசு எங்களுக்கு அமைதியாகக் கழிந்தது. உனக்கும் அப்படியே கழிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மேலே உள்ள விலாசத்தைக் குறித்துக்கொள். பட்டறையை விட்டு வந்தாகிவிட்டது. இங்கே புதிதாக வீடுகள் எழும்புகின்றன, ஜன்னல் கம்பி வேலை கிடைக்கிறது. அண்ணிக்கு ஊர் பிடிக்கவில்லை, தண்ணீர் உப்பு என்கிறாள். முழங்காலுக்கு மட்டும் டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார்.

நீ பேசாததை நான் தப்பாக நினைக்கவில்லை. எனக்கும் உன்னிடம் சொல்ல ஒரு வார்த்தை கூட அகப்படவில்லை. நான் கிளம்பும்போது ஐந்தும் தட்டி ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தன. தினமும் வேலைக்கு நடுவில் அதுதான் கண்ணில் நிற்கிறது.

ஓடுகின்றனவா? அதை மட்டும் எழுது.

தாவீது


நல்லூற்றுப்பேட்டை,
11-3-1979

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் முத்தம்மா எழுதுவது. இங்கே வெயில் ஏறிவிட்டது. அண்ணிக்கு நல்ல தண்ணீர் கிடைக்க என்ன வழி என்று பாருங்கள். தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நொண்டிய பெட்டை ஜனவரி கடைசியில் செத்துப்போனது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், வந்ததெல்லாம் திட்டாகவே வந்தது. கிழித்துப் போட்டேன். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். தீரவில்லை. ஆனால் அன்று நடையில் நீங்கள் கேட்ட "சாப்டியா" அதோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. ஒன்றை விட்டு ஒன்றை நினைக்க முடியவில்லை.

மிச்சம் நான்கு. மண்ணில் நடந்து நடந்து குளம்பு தேய்ந்துவிட்டது. இப்போது ஒன்றுகூட முழங்காலில் நின்று மேய்வதில்லை. கடாவைப் பட்டியில் பிரித்து வைத்ததிலிருந்து பெட்டைகள் பயமில்லாமல் தின்கின்றன. பிப்ரவரியிலிருந்து தட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். கடைசித் தட்டி போன வாரம்தான்.

நேற்று சாயங்காலம் ரோட்டில் கல்யாண ஊர்வலம். யாரோ சரவெடி கொளுத்திவிட்டார்கள். மூன்று பெட்டைகளும் பாய்ந்தன. அதே வடகிழக்குப் பக்கம். நான் புல்கட்டைக் கீழே போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடவில்லை. வேலிக்குப் பக்கத்தில் போயின, வளைவு அவற்றைத் திருப்பியது. வேகம் கொஞ்சமும் குறையாமல் அப்படியே திரும்பி, திடல் முழுக்கச் சுற்றிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடின. வெடி நின்ற பிறகும் நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று. பயத்தில் இல்லை அண்ணா. சும்மா ஓடின.

ஓடுகின்றன.

பட்டிக் கதவின் தாழ்ப்பாளை நீங்கள் உங்கள் உயரத்துக்கு வைத்துவிட்டீர்கள். எனக்கு எட்டவில்லை, கல்லைப் போட்டு ஏறித் திறக்கிறேன். ஈஸ்டருக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்து இறக்கிப் போடுங்கள். இந்தத் தடவை அண்ணியையும் அழைத்துக்கொண்டு, நேராக வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் தங்கை
முத்தம்மா